சேவை சங்கத்தில் சேரும் புதியவர்கள் ஏன் தங்குவதில்லை?

கேள்வி: எங்கள் சேவை சங்கத்தில் நாற்பது பேர். பெரும்பாலோர் ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள். "அனைவரும் வரலாம்" என்று அறிவித்து, பெண்கள், இளைஞர்கள், வேறு சமூகத்தவர், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் என்று ஒன்பது பேரைச் சேர்த்தோம். ஓராண்டுக்குள் ஏழு பேர் விலகிவிட்டார்கள். யாரும் அவர்களை அவமதிக்கவில்லை. எங்கே தவறு? நிர்வாகக் குழுவில் புதியவர்களுக்கு இடஒதுக்கீடு கொண்டுவரலாமா?

பதில்:

ஒன்பது பேர் வந்திருக்கிறார்கள் என்றால் அழைப்பு சரியாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஆள் சேர்ப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்திவையுங்கள். இப்போது இன்னும் பத்துப் பேரைக் கொண்டுவந்தாலும் அடுத்த ஆண்டு இதே கேள்வியைத்தான் எழுதுவீர்கள்.

முதல் வேலை, போன ஏழு பேரிடம் பேசுவது. பெரும்பாலான சங்கங்கள் இதைச் செய்வதே இல்லை. "நேரம் கிடைக்கவில்லையாம்" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நேரம் இல்லை என்பது மனம் நோகாமல் விலகுவதற்குச் சொல்லும் காரணம். அதைத் தாண்டிக் கேட்க வேண்டும். தலைவரோ அவர்களைச் சேர்த்துவிட்டவரோ கேட்கக் கூடாது. அவர்களிடம் யாரும் மனம் விட்டுச் சொல்ல மாட்டார்கள். எந்தப் பொறுப்பிலும் இல்லாத, குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்த ஒருவர் தனித்தனியாகப் பேசட்டும். "ஏன் போனீர்கள்?" என்று ஆரம்பித்தால் மழுப்பலான பதில்தான் வரும். "இன்றைக்குப் போக வேண்டாமே என்று முதன்முதலில் எப்போது தோன்றியது? அதற்கு முந்தைய கூட்டத்தில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். விஷயம் தானாக வெளியே வரும். "திரும்ப வாருங்கள்" என்ற கோரிக்கையை அந்தப் பேச்சோடு கலக்க வேண்டாம். மிச்சம் இருக்கும் இரண்டு பேரையும் மறந்துவிடாதீர்கள். அவர்கள் எதையெதைப் பொறுத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்பது, போனவர்கள் சொல்வதைவிடச் சில சமயம் அதிகம் சொல்லும்.

யாரும் அவமதிக்கவில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அவமதிப்பு இல்லை என்பதாலேயே ஓர் இடத்தில் தங்கத் தோன்றிவிடாது. சேவை சங்கம் என்ற அமைப்பே ஒரு குறிப்பிட்ட வகை ஆளை மனத்தில் வைத்து உருவானது. 1905 பிப்ரவரியில் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு தையல் தொழிலதிபர் ஆகியோருடன் கூடியதுதான் ரோட்டரியின் தொடக்கம். ஒவ்வொரு முறையும் ஒருவருடைய அலுவலகத்தில் என்று சுழற்சி முறையில் கூடினார்கள். பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்று விதி வைத்தார்கள். யோசித்தால் அதுவே பன்மைக்காக வைத்த விதி. ஒரே துறைக்காரர்கள் கூடி அமர்ந்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். ஆனால் அந்தப் பன்மை, சொந்த அலுவலகம் வைத்திருந்த, வேலை நேரத்தில் எழுந்து போனால் கேட்க ஆளில்லாத ஆண்களுக்குள் மட்டுமே இருந்தது. 1915-இல் கிவானிஸ், 1917-இல் அரிமா சங்கங்கள் என்று பின்னால் வந்தவையும் ஆண் தொழில்முனைவோர் வட்டத்தில் பிறந்தவைதான். வேலைக்குப் போன பெண்கள் தங்களுக்கென்று 1919-இல் ஸோன்டாவையும் 1921-இல் சொராப்டிமிஸ்ட்டையும் தனியாகத் தொடங்க வேண்டியிருந்தது.

கலிபோர்னியாவில் டுவார்டே என்ற சிறிய ஊரின் ரோட்டரி சங்கம், உறுப்பினர் எண்ணிக்கை தேய்ந்துபோன நிலையில், 1977-இல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. மறு ஆண்டே தலைமை அமைப்பு அந்தச் சங்கத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே மாதம் டுவார்டே சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. எங்கள் கூட்டு அந்தரங்கமானது, யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் உரிமை என்பது தலைமை அமைப்பின் வாதம். பெரிய அமைப்பு, மாறிக்கொண்டே இருக்கும் உறுப்பினர்கள், பொதுச் சேவை என்ற நோக்கம், வெளியாரும் வந்துபோகும் கூட்டங்கள் இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு குடும்பம் போன்ற அந்தரங்கத்தைக் கோர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அரிமா சங்கங்களும் கிவானிஸும் பெண்களுக்கு இடம் தந்தன. ரோட்டரி 1989-இல் தன் விதியைத் திருத்தியது.

இந்தப் பழைய கதை உங்கள் சங்கத்துக்கு எதற்கு என்று கேட்கலாம். இதற்குப் பின் நடந்த இரண்டு விஷயங்களின் ஆண்டைப் பாருங்கள். அரிமா சங்கத்தின் உலகத் தலைவராக முதல் பெண், ஐஸ்லாந்தின் குட்ரூன் இங்வடோட்டிர், பொறுப்பேற்றது 2018-இல். ரோட்டரியில் முதல் பெண், கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ், 2022-இல். விதி மாறியதற்கும் தலைமை நாற்காலி வரை ஒரு பெண் வந்து சேர்ந்ததற்கும் நடுவே முப்பது ஆண்டுகளுக்கு மேல். விதியைத் திருத்த ஒரு வாக்கெடுப்பு போதும். விதியைச் சுற்றி வளர்ந்த பழக்கங்கள் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாதவை என்பதால் அவற்றை யாரும் வாக்கெடுப்புக்கு விடுவதில்லை. உங்கள் ஏழு பேரும் தடுக்கி விழுந்தது அந்தப் பழக்கங்களில்தான் என்று நினைக்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். ஆண்டுச் சந்தா இவ்வளவு என்று படிவத்தில் இருக்கும். அதற்கு மேல் கூட்டச் சாப்பாட்டுச் செலவு, பதவியேற்பு விழாவுக்குப் பங்கு, மாவட்ட மாநாட்டுப் பதிவு, சீருடைக் கோட்டு, பிறந்தநாள் வந்தால் சங்க நிதிக்கு ஒரு தொகை, விளையாட்டாகப் போடும் அபராதம், மேடையில் பெயர் சொல்லி அறிவிக்கப்படும் நன்கொடை என்று வந்துகொண்டே இருக்கும். பழைய உறுப்பினருக்கு இவை செலவாகவே தெரியாது. சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு, அடுத்து எப்போது பையில் கைவிட வேண்டியிருக்குமோ என்ற தவிப்போடு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது. பொருளாளர் ஓர் உறுப்பினரின் ஓராண்டு முழுச் செலவைக் கூட்டி நிர்வாகக் குழு முன் வைக்கட்டும். பல பொருளாளர்களே அந்தத் தொகையைப் பார்த்துத் திகைப்பார்கள். பிறகு சாப்பாட்டைச் சந்தாவிலிருந்து பிரியுங்கள், சாப்பிடுபவர் கொடுக்கட்டும். குறைந்த சந்தா வேண்டுவோருக்கு ஒரு வழி வையுங்கள். யார் குறைவாகக் கட்டுகிறார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். மேடையில் தொகையோடு பெயர் வாசிப்பதை நிறுத்துங்கள். நன்கொடை குறையும் என்று சிலர் பயப்படுவார்கள். விளம்பரத்துக்காகவே கொடுப்பவர் ஓரிருவர் குறையலாம், அவ்வளவுதான்.

அப்புறம் நேரம். வேலைநாள் மதியத்தில் கூட்டம் என்றால் முதலாளிகள் வருவார்கள், ஊழியர்கள் வர முடியாது. இரவு எட்டரை மணி என்றால் சின்னக் குழந்தை உள்ள பெண்ணுக்கு அது மூடிய கதவு. அதே வயதுக் குழந்தை உள்ள ஆணுக்கு அப்படி இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாரம் தவறாமல் வந்தாக வேண்டும் என்ற கெடுபிடி இன்று தேவையில்லை. ரோட்டரியே 2016-இல் கூட்டங்களின் எண்ணிக்கையிலும் முறையிலும் சங்கங்களுக்கு நிறையச் சுதந்திரம் தந்துவிட்டது. மாதம் இரண்டு கூட்டம் போதும், இணையவழியிலும் நடத்தலாம் என்று வந்தது. உங்களுடையது எந்த அமைப்பைச் சேர்ந்தது என்று தெரியாது, ஆனால் "தலைமை அனுமதிக்காது" என்று சொல்வதற்கு முன் இப்போதைய விதியை ஒரு முறை எடுத்துப் படியுங்கள். பல சங்கங்கள், என்றோ ரத்தான விதிகளைத்தான் கட்டிக்காத்துக்கொண்டிருக்கின்றன.

சக்கர நாற்காலியில் வந்தவர் ஏன் போனார் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. வாசலில் படி இருந்தால் நான்கு பேர் ஓடிவந்து தூக்கியிருப்பார்கள், அன்பாகத்தான். ஒவ்வொரு வாரமும் நான்கு பேர் தூக்கித்தான் உள்ளே போக முடியும் என்ற இடத்துக்கு நீங்கள் எத்தனை வாரம் போவீர்கள்? சாய்தளத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம். மூன்று படியின் மேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போடுவது சாய்தளம் ஆகாது, ஆபத்து. கட்டடத்தை மாற்ற முடியாவிட்டால் கூடும் இடத்தை மாற்றுங்கள், கழிப்பறையையும் பார்த்துவிட்டு. இன்னொன்று, கூட்டத்தில் "எனக்கு மைக் எதற்கு, என் குரலே போதும்" என்று எழுந்து பேசும் ஒருவர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். காதுக்கருவி அணிபவர்களுக்காக அரங்குகளில் பொருத்தும் ஒலிச்சுருள், மைக்கில் பேசுவதை மட்டுமே கருவிக்கு அனுப்பும். அவர் குரல் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் பயனில்லை. எல்லா அழைப்பிதழிலும், யாருக்காக என்று குறிப்பிடாமல், "நீங்கள் வசதியாகக் கலந்துகொள்ள எங்களிடமிருந்து ஏதாவது தேவையா?" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இதெல்லாம் வாசல் வரைக்குமான ஏற்பாடு. உள்ளே நடப்பதுதான் கடினமான பகுதி.

ஒன்பது பேரையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல எண்ணிக்கை. ஆனால் நாற்பது பேர் நடுவே இளைஞர் இரண்டு பேர், குறிப்பிட்ட ஒரு சமூகத்தவர் ஒரே ஒருவர் என்று பிரித்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் தனியாக இருந்திருக்கிறார்கள். சமூகவியலாளர் ரோஸபெத் மாஸ் கான்டர் ஒரு பெரிய நிறுவனத்தை ஆராய்ந்து 1977-இல் எழுதியது இங்கே அப்படியே பொருந்தும். ஒரு குழுவில் ஒரு வகையினர் மிகச் சிலராக இருக்கும்போது, அவர்கள் எதைச் செய்தாலும் எல்லோர் கண்ணிலும் படுகிறது, அவர்கள் தங்கள் வகையினர் அனைவருக்கும் பிரதிநிதியாக ஆக்கப்படுகிறார்கள், பெரும்பான்மையினரோ அவர்கள் முன்னால் தங்கள் ஒற்றுமையை இன்னும் அழுத்திக் காட்டத் தொடங்குகிறார்கள். "பெண்கள் தரப்பில் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கூட்டத்தில் ஒருவரைப் பார்த்துக் கேட்பது மரியாதை போலத்தான் இருக்கும். பொருளாளர் கணக்கு வாசித்ததும் அந்தப் பெண்ணிடம் கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் அவர் உறுப்பினர் ஆகியிருப்பார். எனவே பல வகையில் ஒவ்வொருவரைச் சேர்ப்பதைவிட, ஓராண்டில் ஒரே வட்டத்திலிருந்து மூன்று நான்கு பேரைச் சேர்ப்பது மேல். புகைப்படத்தில் அது அவ்வளவு எடுப்பாக இருக்காது. பரவாயில்லை.

பிறகு வேலைப் பங்கீடு. பெண் என்றால் வரவேற்புக் குழு, இளைஞர் என்றால் முகநூல் பக்கம், மாற்றுத்திறனாளி என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டம், வேறு சமூகத்தவர் என்றால் அவர்கள் பகுதியில் நடக்கும் முகாம். கெட்ட எண்ணத்தோடு யாரும் இதைச் செய்வதில்லை, அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. உங்கள் கடந்த ஆண்டுக் கோப்பை எடுத்துப் பாருங்கள். அந்த ஒன்பது பேரில் யாராவது பணம் செலவழிக்கும் அதிகாரம் உள்ள பொறுப்பில் இருந்தார்களா? ஒரு திட்டத்தை வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் இருந்தார்களா? இல்லை என்றால் அவர்கள் விருந்தினராகவே இருந்து போயிருக்கிறார்கள். சேர்ந்த முதல் மாதத்திலேயே, சின்னதாக இருந்தாலும், முடிவு எடுக்கும் உரிமையோடு ஒரு வேலையைக் கொடுங்கள். ரத்த தான முகாமுக்கு நாற்காலி போடும் வேலையைச் சொல்லவில்லை. முகாமை எங்கே நடத்துவது, எந்த மருத்துவமனையோடு நடத்துவது என்று தீர்மானிக்கும் வேலை.

நல்லிணக்கம் வர ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் போதும் என்ற நம்பிக்கை சங்கங்களில் பலமாக உண்டு. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே இதற்கு நிபந்தனைகள் சொன்னார்: சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, போட்டி இல்லாத கூட்டு உழைப்பு, அமைப்பின் வெளிப்படையான ஆதரவு. பெட்டிக்ரூவும் டிராப்பும் 2006-இல் 515 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேறு வேறு குழுவினர் பழகுவது பொதுவாகவே தப்பெண்ணத்தைக் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் அதிகம் குறைக்கிறது என்று தெரிந்தது. இதில் உங்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. பொது இலக்கும் கூட்டு உழைப்பும் சேவை சங்கத்தில் இயல்பாகவே உண்டு. வேறு அமைப்புகள் இதற்கென்று தனியாகப் பயிற்சி வகுப்பு நடத்த வேண்டும். குறைவது பெரும்பாலும் சம அந்தஸ்துதான்.

அந்தஸ்து பேச்சிலும் இருக்கிறது. கூட்டத்தைக் கலகலப்பாக்க ஒருவர் எழுந்து மனைவிகளைப் பற்றி ஒரு ஜோக், ஒருவருடைய உச்சரிப்பைப் பற்றி ஒரு ஜோக் சொல்வார். இருபது ஆண்டாகச் சொல்லி வருபவர். எல்லோரும் சிரிப்பார்கள். புதிதாக வந்தவரும் சிரிப்பார், சிரித்துவிட்டு அடுத்த வாரம் வர மாட்டார். இதற்குக் கமிட்டி போட வேண்டாம். தலைவர் அந்த நொடியிலேயே, கோபப்படாமல், "ஐயா, அது வேண்டாம், அடுத்த விஷயத்துக்குப் போவோம்" என்று ஒரு வரி சொன்னால் போதும். பின்னால் தனியாகச் சொல்வது ஜோக் சொன்னவருக்குத்தான் உதவும். சபையில் உட்கார்ந்திருந்தவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் நினைவில் நிற்கும். பெரிய அத்துமீறல்களுக்கு மட்டும் எழுத்தில் ஒரு நடைமுறை இருக்கட்டும்: புகாரை வாங்க இரண்டு பேர், அதில் ஒருவர் நிர்வாகக் குழுவுக்கு வெளியே இருப்பவர். புகார் சங்கத்தின் பெரிய நன்கொடையாளர் மேல் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை, அப்படி ஒரு புகார் வருவதற்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். வந்த பிறகு நிதானமாகப் பேச முடியாது.

மூத்தவர்கள் எதிர்ப்பார்கள். அவர்களைப் பிற்போக்குவாதிகள் என்று முத்திரை குத்திவிட்டு முன்னேற முடியாது, அது நியாயமும் இல்லை. பலருக்கு அந்தச் சங்கம்தான் நட்பு வட்டம். மாற்றம் என்றதும் அது கலைந்துவிடும் என்ற பயம். ஆகவே எது மாறாது என்பதை முதலில் சொல்லுங்கள். அவர்கள் பழைய நேரத்தில், பழைய இடத்தில், தங்களுக்குள் கூடிப் பேசுவதை யாரும் தடுக்கப் போவதில்லை. சங்கத்தின் முடிவுகள் மட்டும் அங்கே எடுக்கப்படாது. கூட்டத்துக்கு வருவதற்கு முன்பே நாலு பேர் தொலைபேசியில் பேசித் தீர்த்துவிட்டு வருவதுதான், என்னைக் கேட்டால், புதியவர்களை விரட்டும் பழக்கங்களில் முதலிடம். கூட்டத்தில் புதியவர்கள் கையைத் தூக்கிக் கருத்துச் சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள், எதுவும் மாறாது. இரண்டு மூன்று முறை பார்த்தால் புரிந்துவிடும். நிகழ்ச்சி நிரலையும் முடிவெடுக்க வேண்டிய விஷயங்களையும் ஒரு வாரம் முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிட்டால் இதில் பாதி சரியாகிவிடும்.

இளைஞர் பிரிவு, மகளிர் பிரிவு என்று தனியாகத் தொடங்கிவிடலாம் என்ற யோசனை நிச்சயம் வரும். எனக்கு அதில் தயக்கம் உண்டு. தங்கள் விருப்பத்தில் தனிச் சங்கம் தொடங்குபவர்களைப் பற்றிச் சொல்லவில்லை, ஸோன்டா போல அவர்கள் சொந்தக் காலில் நிற்பார்கள். நாம் அமைத்துத் தரும் பிரிவுகள் பெரும்பாலும் பணமும் வாக்கும் இல்லாத பக்கத்து அறையாகவே முடிகின்றன. கூடும் நேரம் ஒத்துவரவில்லை என்பதற்காக ஒரு கிளை தொடங்கினால், அதற்குத் தனி நிதியும் மையக் குழுவில் வாக்கும் கொடுங்கள்.

மறுபடி ஆள் சேர்க்கத் தொடங்கும்போது பரிந்துரை முறையை மட்டும் நம்பாதீர்கள். நண்பர் நண்பரைத்தான் கொண்டுவருவார், அதாவது உங்களைப் போலவே இருப்பவரை. உங்கள் திட்டங்களில் தோளோடு தோள் நின்று வேலை செய்தவர்கள் யார் என்று பாருங்கள்: பள்ளி ஆசிரியை, செவிலியர், வாகன ஓட்டுநர், தன்னார்வ மாணவர்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் சேவையைப் பெற்றவர்களைப் பாருங்கள். தையல் இயந்திரம் வாங்கிக்கொண்ட பெண்ணை மேடையில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். அவர் உறுப்பினர் ஆகலாம் என்ற எண்ணம் யாருக்கும் வருவதில்லை. அடுத்த பயனாளிகளை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் அவருக்குத் தெரிந்தது உங்கள் நாற்பது பேரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சேர்ந்தவருக்கு, அவரைப் பரிந்துரைத்தவர் அல்லாத ஒருவரை மூன்று மாதத்துக்குத் துணையாகப் போடுங்கள். சங்கத்தின் சுருக்கெழுத்துகள், பட்டங்கள், யாரை எப்படி அழைப்பது என்பதெல்லாம் யாராவது பக்கத்தில் அமர்ந்து சொன்னால்தான் புரியும்.

இடஒதுக்கீடு பற்றிக் கேட்டீர்கள். இப்போதைய நிலையில் வேண்டாம் என்பேன், கொள்கையளவில் எதிர்ப்பு இருப்பதால் அல்ல. இரண்டே பேர் இருக்கும்போது இடம் ஒதுக்கினால் அந்த இரண்டு பேருமே எல்லாக் குழுவிலும் உட்கார வேண்டியிருக்கும், ஓராண்டில் சோர்ந்து அவர்களும் போய்விடுவார்கள். அதற்குப் பதில் பதவிக் காலத்துக்கு வரம்பு வையுங்கள்: எந்தப் பொறுப்பிலும் ஒருவர் தொடர்ந்து இரண்டு ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பொருளாளர் உட்பட, ஏனென்றால் பல சங்கங்களில் தலைவர் ஆண்டுதோறும் மாறுவார், பொருளாளர் மட்டும் பத்தாண்டு அசையாமல் இருப்பார். ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு துணைப் பொறுப்பாளர், அதில் பாதியாவது சேர்ந்து மூன்று ஆண்டு ஆகாதவர்கள். உறுப்பினர் பட்டியலை ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எண்ணாமல், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுச் சந்தா கட்டினார்கள், அதில் எத்தனை பேர் ஒரு திட்டத்தையாவது தலைமையேற்று நடத்தினார்கள் என்று எண்ணுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை அறுபதைத் தொட்டு, புதியவர்கள் பதினைந்து இருபது பேராக ஆன பிறகும் நிர்வாகக் குழுவில் அதே முகங்கள்தான் என்றால், அப்போது இடஒதுக்கீட்டை எடுத்து விவாதியுங்கள். அந்த விவாதத்தில் பேச அவர்களே இருப்பார்கள்.